தர்மம் வாங்கக் கட்டிய பட்டு

நெசவாளி வீட்டில் பட்டுக்குக் குறைச்சல் இருக்காது. கூடம் முழுக்கப் பட்டுதான் கிடக்கும். ஆனால் அதில் ஒரு இழைகூட நம்முடையது இல்லை, எல்லாம் முதலாளி வீட்டுச் சரக்கு. நெய்து முடித்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நூல் புடவையோடு வீடு திரும்புவோம். எங்கள் தெருவில் பல பெண்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பட்டு, கல்யாணப் பட்டு. எனக்கும் அப்படித்தான். என்னுடையதை என் வீட்டுக்காரரே நெய்தார். நிச்சயதார்த்தம் ஆன கையோடு, சேர்த்து வைத்திருந்த காசில் நூல் வாங்கி, சிநேகிதர் ஒருவரின் தறி சும்மா கிடந்தபோது இரவல் கேட்டு உட்கார்ந்து நெய்தது. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. பார்க்க வந்த என் அம்மா மாப்பிள்ளையைவிட்டுப் புடவையைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

அவருக்கு வாய் அதிகம். தறியில் இழை அறுந்தால் விரலை நாக்கு நுனியில் தொட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிடுவார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் இவர் அதையும் ஒரு பெருமையாகச் சொல்லுவார். “கலெக்டர் பொண்டாட்டியா இருந்தாலும் சரி, எங்கூட்டு எச்சில் படாம பட்டு கட்ட முடியாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் நானும் கூடச் சிரித்தேன் என்று சொன்னால் பொய். பாதி நாள் எரிச்சலாக இருக்கும். வேலையைப் பாருங்கள் என்று உள்ளே போய்விடுவேன்.

அறுபதுகளின் கடைசியில் அவருக்கு இருமல் வந்தது. முதலில் பனி என்றோம், பிறகு பஞ்சு தூசி என்றோம். பட்டுத் தறிக்காரனுக்கு ஏது பஞ்சு தூசி. ரத்தம் வந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டி.பி. என்றார்கள். தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ‘அது’ என்றார்கள். எங்கள் வீட்டுக்கு அடுப்புக்குத் தணல் கேட்டு வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் குடத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல இடம் கிடைத்தது. வரிசையில் இடித்துக்கொள்ளாமல் தண்ணீர் பிடித்த ஒரே பெண் அந்தத் தெருவில் நான்தான்.

ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும், நடுவில் விட்டால் மறுபடி வரும், அப்போது எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து சில சமயம் இருக்கும், சில சமயம் வெளியே வாங்கிக்கொள் என்பார்கள். தறி ஓடாத வீட்டில் வெளியே எதை வாங்குவது. டாக்டர்தான் வழி சொன்னார். ஊரில் ஜவுளிக்கடை முதலாளிகள் சிலரும் மெட்ராஸ் தனவந்தர்கள் சிலரும் சேர்ந்து ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தினார்கள். மூன்று காரியங்களுக்குக் கொடுப்பார்கள்: ஏழைகளின் வைத்தியம், பழைய கோயில் மண்டபங்களைப் பழுது பார்ப்பது, வயதான சங்கீதக்காரர்களுக்கு மாதத் தொகை. டாக்டர் சிபாரிசு எழுதிக் கொடுத்தார். அதன்மேல் சில மாதம் மருந்து வந்தது. சளியில் கிருமி இல்லை என்ற நிலைக்கு வந்தார், பாதி நாள் தறியில் உட்காரலாம் என்று டாக்டர் அனுமதித்தார். ஆனால் மருந்தை இன்னும் ஒரு வருஷம் நிறுத்தக் கூடாது. அந்த ஒரு வருஷத்துக்கான உதவியை ஆண்டு விழாவில் மேடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள், புருஷன் பெண்சாதி இருவரும் வர வேண்டும் என்று ஸ்தாபனத்திலிருந்து ஆள் வந்து சொன்னான்.

மேடை என்ற ஒரு வார்த்தையில் நான் ஏமாந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் கையால் ஒன்றை வாங்கப் போகிறோம் என்றால், அது மஞ்சள் கிழங்காக இருந்தாலும், குளித்து நல்லதைக் கட்டிக்கொண்டுதான் போவோம். கோயிலில் மாலை வாங்கப் போனாலும் அப்படித்தான், கால் தொட்டு விபூதி வாங்கப் போனாலும் அப்படித்தான். கந்தலோடு போய் நிற்பது கொடுக்கிறவருக்கு மரியாதைக் குறைவு. உன் கையால் வாங்குவது எனக்கு ஒரு பெரிய விஷயமில்லை என்று சொல்வது போல. ஆகவே நான் பெட்டியைத் திறந்து கல்யாணப் பட்டை எடுத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, நோய் வந்த பிறகு முதல் தடவையாக ஒரு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கரையை நீவிவிட்டார். முதலாளிங்க பார்த்து எந்தத் தறின்னு கேட்டாங்கன்னா சொல்லு என்றார். நான் தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டேன். அவர் மெதுவாகத்தான் நடப்பார் என்பதால், பின்னால் வாருங்கள், நான் முன்னால் போய் இடம் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

விழா குளக்கரை மண்டபத்தில். ஸ்தாபனம் அந்த வருஷம் பழுது பார்த்த மண்டபம் அது. பழுது பார்த்தது என்றால், தூண்களுக்கெல்லாம் தாராளமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தூணில் செதுக்கிய குதிரைக்கும் சுண்ணாம்பு, குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கும் சுண்ணாம்பு, யாளியின் வாய்க்குள் விரல் விட்டுப் பூசினது போல அங்கேயும் சுண்ணாம்பு. அதன் மேல் சிவப்பு மை கொண்டு உபயதாரர்களின் பெயர்கள். சிற்பியின் பெயர் தெரியாமல் போனது நல்லதுதான், தெரிந்திருந்தால் அதன் மேலும் ஒரு கை அடித்திருப்பார்கள்.

வாசலில் காரியதரிசி நின்றார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் விசிறி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மருந்து தாமதமானபோது அவரே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. அவர் என்னைப் பார்த்ததும், வாங்க வாங்க என்று கும்பிட்டு, விருந்தாளிகள் வரிசைக்குக் கை காட்டினார். நான் இன்னாருடைய பெண்சாதி, வைத்திய உதவிக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவருடைய கும்பிட்ட கை கீழே இறங்கிய விதம் எனக்கு இன்னும் தெரிகிறது.

என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். போன வருஷம் காதில் தோட்டோடு ஒருத்தி வந்து நிற்க, மெட்ராஸ்காரர் ஒருவர் இவர்களுக்கா கொடுக்கிறோம் என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற தொகையே குறைந்துவிட்டதாம். உன் ஒருத்தியால் மற்ற நோயாளிகளுக்கும் இல்லாமல் போகும் என்றார். பிறகு புடவையை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

“ஏம்மா, இதை வித்தாலே ஒரு வருஷத்துக்கு ஊசி போடலாமேம்மா.”

இரண்டு தடவை அதை அடகுக்கு எடுத்தேன் என்பதையும், இரண்டு தடவையும் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அது போச்சுன்னா நான் நெய்யறவன்கிறதே போச்சு என்று சொன்னதையும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று யாரிடம் சொல்வது. வெட்கத்தில் உடம்பு முழுக்க வேர்த்தது. திருட்டுப் புடவை கட்டி வந்து பிடிபட்டவள் போல நின்றேன்.

வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரமில்லை. அப்போது அந்தத் தூணுக்குப் பின்னால் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். அறுபதைத் தாண்டியவர். பாலாற்றுக்கு அப்பாலிருந்து வந்திருந்தார். ஒரு காலத்தில் உற்சவங்களில் அவர் பாட்டுக்குக் கூட்டம் கூடுமாம். இப்போது சங்கீத உதவி வாங்க வந்திருந்தார், வாங்குமுன் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. வெளுத்த நூல் புடவை, தோள் பக்கம் தையல் போட்டது. அவரைப் பற்றியும் காரியதரிசிக்குக் கவலை இருந்தது, வேறு மாதிரிக் கவலை. பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார், படம் எடுப்பார்கள், வித்வாம்சினி இப்படி நின்றால் சங்கீதத்தை நாம் காப்பாற்றுகிறோம் என்று யார் நம்புவார்கள்.

காரியதரிசி என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்துவிட்டது போல அவர் முகம் தெளிந்தது.

“ரெண்டு பேரும் மாத்திக் கட்டிக்குங்கம்மா. நோயாளின்னா நோயாளி மாதிரி இருக்கணும், வித்வான்னா வித்வான் மாதிரி இருக்கணும். ஒரு மணி நேரந்தானே.”

மண்டபம் கூட்டுகிற பெண் ஒருத்தி ஜமக்காளத்தைப் பிடித்து மறைத்தாள். நாங்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று புடவையை அவிழ்த்தோம். நான் அரக்குப் பட்டை நீட்ட, அவர் தன் நூல் புடவையை நீட்டினார். முகத்தை முகம் பார்க்கவில்லை. பட்டு வழுக்கியதால் அவருக்குக் கொசுவம் நிற்கவில்லை, நான் குனிந்து பிடித்துவிட்டேன். அந்த ஒரு உபகாரத்தில் கொஞ்சம் கூச்சம் விட்டு, உனக்கு எதுக்கும்மா இங்க குடுக்கறாங்க என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு டி.பி. என்றேன்.

கொசுவத்தைப் பிடித்திருந்த அவர் கை நின்றது. சேலை பாதி உடம்பில், பாதி தரையில். நான் அவசரமாக, இப்போது கிருமி இல்லை, துணியில் ஒட்டுகிற நோயில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் தலையாட்டினார். ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் காரியதரிசி ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். “பரவால்லம்மா, பரவால்ல” என்று அந்த அம்மா சொல்லிவிட்டு மீதியையும் கட்டிக்கொண்டார். பாடாமல் போனால் அவருக்கும் மாதத் தொகை கிடையாது. தன் கையாலேயே பாம்பைச் சுற்றிக்கொள்கிறவர் எப்படி மெல்லச் சுற்றுவாரோ அப்படிச் சுற்றினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் உடம்பிலிருந்து இறங்கிய துணியைப் பார்த்து ஒருவர் பயப்படுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். குழாயடியில் கூட எட்ட நின்றார்களே தவிர யாரும் இப்படி நடுங்கவில்லை.

போகும்போது தூணில் உரசிவிட்டார். புடவையின் முதுகுப் பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியது. பட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது, நிறத்தைத் தின்றுவிடும். ஆனால் ஓடிப்போய்த் துடைக்க நான் யார், அப்போது அது என் புடவையா.

முதலில் சங்கீதம், பிறகு திருப்பணி, கடைசியில் வைத்தியம். அந்த வரிசையில்தான் எல்லாம் நடந்தது. நான் நோயாளிகளுக்கென்று போட்டிருந்த கடைசிப் பாயில், தையல் போட்ட தோளை மறைத்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். கழுத்தை நீட்டி நீட்டி என்னைத் தேடினார். அரக்கு நிறத்தைத் தேடினார் என்று சொல்ல வேண்டும். மேடையில் அந்த நிறம் ஏறியதும் அவர் முகம் மலர்ந்தது, அடுத்த கணம் குழம்பியது.

அந்த அம்மா பாடினார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் உள்ளே எங்கோ பழைய கம்பீரம் இருந்தது. வலது கை தொடையில் தாளம் போட்டது. இடது கை முந்தானையைப் பிடித்திருந்தது. தோளைச் சுற்றிப் போட்டுக்கொள்ளவில்லை, மடியில் விடவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, முகத்துக்கும் வாய்க்கும் எட்ட, பக்கவாட்டில் நீட்டியே வைத்திருந்தார். பாட்டு மேலே ஏறி மூச்சை இழுக்க வேண்டிய இடங்களில் அந்தக் கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

மெட்ராஸிலிருந்து வந்த பிரமுகர் பேசும்போது அதைத் தனியாகப் பாராட்டினார். முந்தானையைப் பிடித்த அந்த நளினம் இருக்கிறதே, அந்தக் காலத்து மேடை லட்சணம் என்றார். கூட்டம் கை தட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் கை தட்டவில்லை. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நோயின் பெயரை ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள், குளத்துக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். தெருவில் யாரும் வாயால் சொல்லாத பெயர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி மேடையில் நாங்கள் சந்தித்தோம். அவர் என்னை, என் தோளை, தையலை ஒரு தடவை பார்த்தார். பிரமுகர் கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கினார். காமிராக்காரர் இன்னும் கொஞ்சம் வருத்தமாக நிற்கச் சொன்னார். அதற்கு எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

விழா முடிந்து மறுபடி தூணுக்குப் பின்னால். அந்த அம்மா பட்டை அவிழ்த்து, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். நான் கட்டியிருந்த அவர் புடவையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் சும்மா சுற்றிக்கொண்டு, நேரே குளத்துப் படியில் இறங்கினார். தண்ணீருக்குள் நின்று, தலையோடு முழுகினார். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் முழுகுவது போல. அவ்வளவு பேர் போய்வருகிற நேரத்தில். பிறகு சொட்டச் சொட்ட ஏறி வந்தார். நான் அதற்குள் பட்டைக் கட்டிக்கொண்டு படியருகில் வந்து நின்றிருந்தேன், பக்கத்தில் வீட்டுக்காரர். எங்களைத் தாண்டிப் போகத்தான் பார்த்தார், முடியவில்லை. நின்றார். குளிரில் உதடு நடுங்கிற்று.

“தப்பா நெனச்சிக்காதம்மா. வூட்ல பேரப்புள்ளைங்க இருக்குது.”

சரிம்மா என்றேன். நான் அவர் இடத்தில் இருந்தாலும் முழுகியிருப்பேன். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. குற்றம் சொல்ல ஒருவர்கூட அகப்படவில்லை.

திரும்பி நடந்தோம். முதுகுப் பக்கம் இருந்த சுண்ணாம்பைப் பார்த்துத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான் பேசினார்.

“அந்தம்மா முந்தானைய எட்டப் புடிச்சிக்கினே பாடினாங்க, பாத்தியா?”

“வேர்வை பட்டுடப் போவுதுன்னு புடிச்சிருப்பாங்க.”

“வேர்வைக்கு அப்பிடிப் புடிக்க மாட்டாங்க.”

வீட்டுக்கு வந்து பட்டை உதறிப் பெட்டியில் வைத்தேன். சுண்ணாம்பு பட்ட இடம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு அதை நான் கட்டவில்லை.

மறுநாள் காலை அவர் தறியில் உட்காரும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருந்தது, நிறையத் தண்ணீர். குடிக்கவா என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு இழை அறுந்தது. பழக்கத்தில் அவர் விரல் உதடு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு, இழையை முறுக்கியது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஸ்தாபனம் சொன்னபடி ஒரு வருஷமும் மருந்து கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். அவர் பிழைத்தது அந்த மருந்தால்தான். கடைசிப் பரிசோதனையில் டாக்டர் அவர் முதுகைத் தட்டி, உனக்கு இனி ஒன்றுமில்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தைகளைக் கொஞ்சலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாக அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேய்த்து அடுக்கில் மற்ற பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தேன். அவர் எழுந்து வந்தார். அதைத் தேடி எடுத்தார், பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு தறிக்குப் போனார். டாக்டர்தான் சொல்லிட்டாரே என்றேன்.

“கட்டறவங்களுக்குத் தெரியாதில்ல” என்றார்.

அதற்கப்புறம் பல வருஷம் நெய்தார். எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் தறியிலிருந்து பட்டு போயிருக்கிறது. கிண்ணம் அந்த இடத்திலேயே இருந்தது. கலெக்டர் பெண்சாதியைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் மறுபடி சொல்லவே இல்லை.